வீட்டு வண்டியும் பந்தயத் தடமும்

மனிதன் தனக்கென ஒரு வாகனத்தை ஆக்கிக்கொண்ட நாளிலேயே, அதனை அயலானுடைய வாகனத்தோடு ஓடவிட்டுப் பார்க்கும் ஆசையும் உடன்பிறந்திருத்தல் வேண்டும். வண்டிலிற் பூட்டிய எருது, கடலில் இறக்கிய வள்ளம், வீதியில் மிதித்த சைக்கிள் என எதனையும் அவ்வாசை விட்டுவைக்கவில்லை. மோட்டார்க்கார் மட்டும் அதற்கு விலக்காக இருத்தல் இயலாது. ஆயினும், கார்ப் பந்தயம் என்றதும் நம்மிற் பலருடைய மனக்கண்ணில் எழுவது, நிலத்தோடு ஒட்டிய மேனியும் வெளியே தெரியும் சில்லுகளுமாக, வீதியில் ஒருநாளும் காணக் கிடையாத விசித்திர ஊர்தியே. அத்தகைய ஊர்திகளைப் பற்றி நான் இங்கு எழுத முற்படவில்லை. கடையில் எவரும் வாங்கக்கூடிய, அயல்வீட்டு முற்றத்தில் நிற்கின்ற சாதாரணக் காரைக்கொண்டு நடத்தப்படும் பந்தயமே இக்கட்டுரையின் பொருள். அமெரிக்கர் இதனை ‘ஸ்டொக் கார்’ பந்தயம் என்பர். விற்பனைச் சரக்கிலிருந்து உள்ளபடியே எடுக்கப்பட்ட கார் என்பது அப்பெயரின் கருத்தாகும்.

இப்பொருள் பற்றிச் சிந்திக்கவேண்டிய நிலை, எங்கள் குடும்பத்தில் எழுந்த ஒரு வினாவினால் எனக்கு ஏற்பட்டது. திருகோணமலை நகரை அடுத்த அன்புவழிபுரத்திலே, வேப்பமரமொன்றின் கீழ்த் தகரக் கொட்டில் போட்டு என் சித்தப்பா கார் திருத்தும் கராஜ் ஒன்றை நடத்திவருகிறார். மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் ஆகியவை தொடக்கம் இன்றைய ஜப்பானியக் கார்கள் வரை அக்கொட்டிலின் நிழலில் நின்று போகாத கார்வகை அரிது. அவருடைய மகன் தந்தையிடம் தொழில் பழகியவன். சில ஆண்டுகளாகச் சித்திரை மாதத்தில் மலைநாட்டுக்குச் சென்று, பந்தயம் ஓடும் குழுவொன்றுக்குக் கைவேலை உதவியாளனாக இருந்து வருகிறான். 2024ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவை ‘பொக்ஸ் ஹில்’ பந்தயத்திலே கார் ஒன்று தடத்தை விட்டு விலகிக் கூட்டத்தினுட் புகுந்ததில் எழுவர் உயிரிழந்தனர். இருபதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். இறந்தவர்களுள் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும், தடத்தோரத்திற் பணிசெய்த உதவியாளர் நால்வரும் அடங்குவர். அவ்வாண்டு என் தம்பி அங்குச் செல்லவில்லை. சென்றிருப்பின், தடத்தோரத்திலேயே நின்றிருப்பான்.

“இனியும் அவனை விடலாமோ தம்பி? நீ படிச்சவன், சொல்லு” என்று சித்தி என்னைக் கேட்டார்.

படித்தவன் என்ற உரிமையினால் கேட்கப்படும் வினாக்களுக்கு உடன் விடை கூறுதல் எளிது. ஆராய்ந்து கூறுதலே கடினம். ஆபத்தானது, எனவே வேண்டாம் என்று கூறிவிடலாம். ஆனால், பல்லாயிரம் மக்கள் வெயிலிலும் புழுதியிலும் கால்கடுக்க நின்று ஒன்றைக் காண்கின்றார்களெனின், அதன் ஈர்ப்பு யாதென விளங்கிக்கொள்ளாமல் அதனை மறுப்பது முறையன்று. அவ்விளக்கத்தைத் தேடுவதாயின் இப்பந்தயம் தோன்றிய இடத்துக்கே செல்லவேண்டும்.

ஐக்கிய அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்குச் சட்டம் நடைமுறையில் இருந்தது. தென்கிழக்கு மாநிலங்களின் மலைப்பகுதிகளிலே இரகசியமாக வடிக்கப்பட்ட மதுவை, நம் நாட்டு வழக்கிற் கூறின் கசிப்பை, இரவோடிரவாக நகரங்களுக்குக் கொண்டுசெல்லும் தொழில் அக்காலத்தில் வளர்ந்தது. மதுவிலக்கு நீங்கிய பின்னரும், வரி கொடாத மதுவின் கடத்தல் நெடுங்காலம் தொடர்ந்தது. அத்தொழிலுக்கான கார் இரண்டு இயல்புகளைக் கொண்டிருத்தல் வேண்டும். வெளித்தோற்றத்தில் அது ஊராரின் காரிலிருந்து சிறிதும் வேறுபடக்கூடாது. உள்ளேயோ, துரத்திவரும் அதிகாரியின் காரிலும் வலியதாக இருக்கவேண்டும். 1932இல் அறிமுகமான, எட்டுச் சிலிண்டர் எஞ்சின் கொண்ட போர்ட் கார் இதற்கு வாய்ப்பாக அமைந்தது. பாரம் ஏற்றியபோது பின்புறம் தாழ்ந்து காட்டிக்கொடுக்காதபடி அதன் ஸ்பிறிங்குகள் வலுவாக்கப்பட்டன. மேற்பார்வைக்குச் சாதாரணமும் உள்ளீட்டில் அசாதாரணமுமான இக்கார்களின் சொந்தக்காரர், யாருடைய கார் விரைந்தது என்பதை வயல்வெளிகளில் ஓட்டிப் பார்க்கத் தொடங்கினர். ஊரார் சுற்றிநின்று பார்த்தனர். இவ்விளையாட்டின் வேர்களுள் இது முக்கியமான ஒன்றாகும்.

மற்றொரு வேர் புளோரிடா மாநிலத்து டேற்றோனா கடற்கரையில் ஊன்றியது. அங்கே 1936இல் மணலையும் அதனை ஒட்டிய வீதியையும் இணைத்த தடத்திற் சாதாரணக் கார்களின் பந்தயம் நடைபெற்றது. அதில் ஓடியவர்களுள் ஒருவரான பில் பிரான்ஸ் தொழிலாற் கார் திருத்துபவர். 1947 டிசம்பரில் அவர் அவ்வூர் ஹோட்டல் ஒன்றிற் கூட்டிய கூட்டத்தின் பயனாக, 1948 பெப்ரவரியில் ‘நாஸ்கார்’ என்ற சங்கம் உருவாயிற்று. 1949 ஜூன் 19ஆம் திகதி வட கரொலைனாவின் சார்லற் நகர மண் தடத்தில் அச்சங்கத்தின் ‘முற்றிலும் ஸ்டொக்’ பிரிவின் முதற் பந்தயம் நடந்தது. கடையில் விற்றபடியே கார் இருக்கவேண்டும் என்பது விதி. சேரா கிறிஸ்டியன் என்ற பெண்மணியும் ஆடவரோடு அதில் ஓடினார். முதலாவதாக வந்தவர் கிளென் டனவே. பந்தயம் முடிந்தபின் அவருடைய போர்ட் காரைச் சோதித்தபொழுது, அதன் ஸ்பிறிங்குகள் கடத்தற்காரர் முறைப்படி மாற்றப்பட்டிருந்தமை தெரியவந்தது. வெற்றி அவரிடமிருந்து பறிக்கப்பட்டு, ஜிம் றோப்பர் என்பவருக்கு வழங்கப்பட்டது. கடத்தலில் வேர்கொண்ட விளையாட்டு, கடத்தற்காரனின் ஸ்பிறிங்கையே விதியைக் காட்டி விலக்கிய நிகழ்ச்சி இது. இப்பந்தயத்தின் வரலாறு முழுவதும் ‘சாதாரணம்’ என்ற சொல்லின் எல்லை எது என்ற வழக்கே என்று கூறினும் மிகையாகாது.

அவ்வெல்லையை ஏன் அத்துணை இறுக்கமாகக் காக்கவேண்டியிருந்தது? பார்வையாளனின் மனநிலையை நோக்கின் விடை புலனாகும். தான் வேலைக்கு ஓட்டிச்செல்லும் காரும், தடத்தில் முந்திச்செல்லும் காரும் ஒரே வகையின என்ற உணர்வே அவனை அங்கு இழுத்தது. உலகப் புகழ்பெற்ற ஊர்தியை அவன் வியப்பான். தன் காரையோ உரிமையோடு ஊக்குவிப்பான். கார் உற்பத்தியாளரும் இதனை விரைவில் உணர்ந்தனர். ஞாயிறு வென்ற கார் திங்களன்று விற்கும் என்பது அவர்களிடையே பழமொழி போலாயிற்று. 1959 பெப்ரவரி 22இல், இரண்டரை மைல் சுற்றும் முப்பத்தொரு பாகைச் சாய்வுடைய வளைவுகளும் கொண்ட புதிய டேற்றோனாத் தடத்தில் முதலாவது ஐந்நூறு மைற் பந்தயம் நடந்தது. இரு கார்கள் ஏறத்தாழ ஒருங்கே கோட்டைக் கடந்தமையால், படங்களை ஆராய்ந்து லீ பெற்றியே வென்றவர் என அறிவிப்பதற்கு மூன்று நாட்கள் பிடித்தன. இருபது ஆண்டுகளின் பின் 1979 பெப்ரவரி 18இல் அதே பந்தயம் தொடக்கம் முதல் முடிவு வரை தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பாயிற்று. கிழக்குப் பகுதியிற் பனிப்புயலால் மக்கள் வீடுகளுள் அடைந்துகிடந்தனர். கடைசிச் சுற்றில் முன்னணியில் ஓடிய இருவரும் மோதி நின்று கைகலப்பில் இறங்க, லீயின் மகன் றிச்சர்ட் பெற்றி வென்றார். தென் மாநிலங்களின் விளையாட்டு நாடு முழுவதற்கும் உரியதான நாள் அதுவெனக் கருதப்படுகிறது.

இனி நம் பக்கம் திரும்புவோம். தென்னாசியாவிலே கார்ப் பந்தயத்துக்குத் தடம் அமைத்துக் கொடுத்தது இரண்டாம் உலகப் போர் எனலாம். போருக்காக அமைக்கப்பட்ட விமான ஓடுபாதைகள் போர் முடிந்ததும் வெறுமையாயின. நீண்ட, நேரான, போக்குவரத்தற்ற வீதி வேறெங்கே கிடைக்கும்? சென்னைக்கு வடக்கே சோழவரத்து ஓடுபாதையிற் சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகத்தினர் பல்லாண்டுகள் பந்தயம் நடத்தினர். பியற், அம்பாசடர், ஹெரால்ட் என்ற குடும்பக் கார்களே திருத்தியமைக்கப்பட்டு அங்கு ஓடின. இலங்கை ஓட்டுநரும் அங்குச் சென்று போட்டியிட்டதுண்டு. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் நிலையான தடம் திறக்கப்பட்டது. இலங்கையிலே, களுத்துறைக்கு அண்மையிலுள்ள கட்டுக்குருந்தையில் பிரித்தானியக் கடற்படையின் விமானப்பிரிவு பயன்படுத்திய ஓடுபாதை அவ்வாறே பந்தயத் தடமாயிற்று. போருக்கு முன்னரே, 1934இல், நுவரெலியாவின் மகாகஸ்தோட்டைத் தேயிலைத் தோட்ட வீதியிலே மலையேற்றப் பந்தயம் தொடங்கியிருந்தது.

எங்கள் மாவட்டத்துச் சீனக்குடாவிலும் அத்தகைய ஓடுபாதை உண்டு. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்களின் தாக்குதலுக்கு உள்ளான தளம் அது. ஆனால், அதன் கதை வேறு. 1957இல் பிரித்தானியர் திருகோணமலைத் தளங்களைக் கையளித்தபோதும் அது விமானப்படைத் தளமாகவே நீடித்தது. இன்றும் அவ்வாறே உள்ளது. வெறுமையாகிய ஓடுபாதை விளையாட்டுத் திடலாகும், வெறுமையாகாதது ஆகாது. எங்கள் ஊரில் வீதியிலும் வேகம் நெடுங்காலம் விலக்கப்பட்ட பொருளாகவே இருந்தது. போர்க் காலத்திலே சோதனைச் சாவடியை அணுகும்போது முன்விளக்கைத் தணித்து, உள்விளக்கைப் போட்டு, நடக்கும் வேகத்தில் ஊர்ந்துசெல்லவே எங்கள் தலைமுறை ஓட்டுநர் பழகினர். விரைந்து வரும் வாகனம் சந்தேகத்துக்குரிய வாகனம்.

எனினும், கார்ப் பந்தயத்தை உருவாக்கிய கைத்திறன் எங்களிடம் இல்லாமற் போகவில்லை. தடை ஒன்று எழும்போது பொறித்திறன் வளரும் என்பது கரொலைனா மலைகளுக்கு மட்டும் உரிய உண்மையன்று. அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக 1960களிலும் 1970களிலும் கார் இறக்குமதி இந்நாட்டிற் பெரிதும் கட்டுப்படுத்தப்பட்டது. கைவசமிருந்த பழைய ஆங்கிலக் கார்களுக்கு உதிரிப்பாகங்களை உள்ளூரிலேயே கடைந்தும் வார்த்தும் பொருத்தியும் அவற்றின் ஆயுளை நீட்டினர். 1990இன் பின் யாழ்ப்பாணத்தில் நிலவிய பொருளாதாரத் தடையின்போது பெற்றோல் கிடைத்தற்கரிதாக, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் போன்ற கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலை ஊற்றி எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் முறையை, அங்கிருந்து வந்து எங்கள் வீட்டிற் சிலகாலம் தங்கிய உறவினர் ஒருவரிடம் சித்தப்பா ஆர்வத்தோடு கேட்டறிந்ததை நான் அறிவேன். கசிப்புக் கடத்தியவனின் கைத்திறன் விளையாட்டாக மலர்ந்தது. நோயாளியையும் கர்ப்பிணியையும் ஏற்றிச்சென்ற நம்மவரின் கைத்திறனுக்கு விளையாட அவகாசம் கிட்டவில்லை. இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு அறிவின் வேறுபாடன்று; வாய்த்த காலத்தின் வேறுபாடு.

2009இல் போர் முடிந்தபின் பாதைகள் திறந்தன. என் தம்பியின் தலைமுறை மலைநாட்டுக்குப் பயணமாயிற்று. அவன் அங்கு கண்டு மயங்கியது எதனை? வெளிநாட்டு விலையுயர்ந்த கார்களும் அங்கு ஓடுகின்றன. அவற்றைப் பற்றி அவன் அதிகம் பேசுவதில்லை. மினி, போர்ட் லேசர், நிசான் மார்ச் முதலிய சிறு கார்களுக்கென நடக்கும் ஓட்டங்களைப் பற்றியே ஓயாது பேசுவான். லேசர் எங்கள் கொட்டிலுக்குள் கிளச் மாற்ற வருகின்ற கார். மார்ச் எங்கள் ஆசிரியை ஒருவர் பாடசாலைக்கு ஓட்டிச்செல்லும் கார். அவை செம்மண் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வளைவிற் சறுக்கித் திரும்பும்போது, அவற்றின் வயிற்றினுள் நிகழ்வது யாதெனத் தன் விரல்களுக்குத் தெரியும் என்கிறான். 1949இற் சார்லற் மண் தடத்தைச் சூழ்ந்து நின்றவர்களின் உணர்வும் இதுவே.

இவ்வுணர்வு அமெரிக்காவிலே நாளடைவில் நலிந்தது என்பதையும் கூறவேண்டும். ‘ஸ்டொக்’ என்ற பெயர் எஞ்சியது, பொருள் நீங்கிற்று. இன்று அப்பந்தயங்களில் ஓடுபவை தொடக்கத்திலிருந்தே பந்தயத்துக்கென அமைக்கப்படும் ஊர்திகள். கடைக்காரின் முன்விளக்கு அவற்றில் வெறும் ஒட்டுப்படமே. இந்நூற்றாண்டின் முதற் பதிற்றாண்டில் உச்சத்தை எட்டிய அவ்விளையாட்டின் கூட்டம் பின்னர்க் குறைந்தமைக்குப் பல காரணங்கள் கூறப்படினும், இதுவும் அவற்றுள் ஒன்றென நான் எண்ணுகிறேன். இலங்கையிலோ நிலைமை மறுதலையானது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. பழைய கார் வீதியில் நீடிக்கும்வரை தடத்திலும் நீடிக்கும். வறுமை நமக்குக் காத்துத்தந்த செல்வம் இது.

‘நம் கார்’ என்ற உரிமையுணர்வில் ‘நாம்’ என்பது யாரைக் குறிக்கிறது என்ற வினாவும் எழவேண்டும். வென்டல் ஸ்கொற் என்ற கறுப்பின ஓட்டுநர் தம் காரைத் தாமே திருத்தி ஓட்டியவர். 1963 டிசம்பர் 1இல் ஜக்சன்வில் நகரிற் பந்தயத்தை வென்றார். ஆயினும், வெற்றி வேறொருவருக்கே அங்கு அறிவிக்கப்பட்டது. அவர் வென்றமை பின்னரே ஒப்புக்கொள்ளப்பட்டது. அவர் 1990இற் காலமானார். வெற்றிக்கிண்ணம் அவர் குடும்பத்தினர் கையைச் சேர்ந்தது 2021இலேயே. ஒரே வகைக் காரை வைத்திருப்பது மட்டும் மக்களை ஒன்றாக்கிவிடாது என்பதற்கு இது சான்று. நம் நாட்டில், சித்திரைப் பருவத்தில் மலைநாட்டுத் தடங்களைச் சூழும் கூட்டத்திலே சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் தோளோடு தோள் நிற்கின்றனர். என் தம்பியின் அரைகுறைச் சிங்களம் பந்தயக் குழுவிலேயே முழுமை பெற்றது. இது சிறிதெனினும் இகழத்தக்கதன்று.

இவற்றையெல்லாம் எண்ணியபின் சித்தியின் வினாவுக்கு மீள்கிறேன். இப்பந்தயத்தின் கவர்ச்சி வேகத்திலன்று, அணுக்கத்திலேயே தங்கியுள்ளது என்பது என் முடிவு. அவ்வணுக்கமே அதன் ஆபத்துமாகும். தன் வீட்டு வண்டியைப் பார்த்து எவரும் விலகி நிற்பதில்லை. யாழ்ப்பாணத்துச் சவாரித் திடலிலே மாட்டுவண்டிகள் ஓடும்போது பார்வையாளர் அவற்றின் பக்கத்திலேயே ஓடுவர். மாடு தம்மை அறியும் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையோடுதான் மக்கள் காரின் தடத்தையும் நெருங்குகின்றனர். ஆனால், ஒரு தொன் எடையுள்ள இரும்பு எவரையும் அறியாது. ஆகவே, நெருங்கிவரும் பார்வையாளனைக் குறைகூறிப் பயனில்லை. நெருங்கும்படி அழைப்பதே இவ்விளையாட்டின் இயல்பாயின், அவனுக்கும் தடத்துக்கும் இடையே தடுப்பை வைக்கும் கடமை, விளையாட்டை நடத்துவோர் அனைவருக்கும் எங்கும் உரியதாகும்.

உலகம் இப்பாடத்தைப் பெருவிலை கொடுத்தே கற்றது. 1955 ஜூனில் பிரான்சின் லே மான் பந்தயத்திற் கார் ஒன்று பார்வையாளர் மீது பாய்ந்து எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1987இல் அமெரிக்காவின் ரலடேகாத் தடத்திற் பொபி அலிசனின் கார் மேலெழும்பிக் கம்பி வேலியைக் கிழித்தது. பார்வையாளர் சிலர் காயமுற்றனர். அடுத்த ஆண்டிலிருந்து அத்தகைய பெருந்தடங்களில் எஞ்சினுக்குட் செல்லும் காற்றைக் குறைக்கும் தகடு கட்டாயமாக்கப்பட்டு வேகம் தணிக்கப்பட்டது. 2001 பெப்ரவரி 18இல், மக்கள் தம்முள் ஒருவராகக் கருதிய டேல் ஏர்ன்ஹார்ட் டேற்றோனாவின் கடைசிச் சுற்றிற் சுவரில் மோதி உயிரிழந்தார். அதன்பின் கழுத்தைக் காக்கும் கவசம் கட்டாயமாயிற்று. மோதலின் விசையை உள்வாங்கும் சுவர்கள் எழுந்தன. இவற்றால் விளையாட்டு அழிந்துவிடவில்லை. தடுப்பு வேலி பந்தயத்தின் சுவையைக் கெடுக்கும் என்போர் இவ்வரலாற்றை நோக்குவாராக.

சித்தப்பாவிடம் இதுபற்றிப் பேசினேன். அவர் கையிலிருந்த ஸ்பானரை வைக்காமலே, “பிறேக் பிடிக்கிற காரைத்தான் தம்பி, துணிஞ்சு ஓட்டலாம்” என்றார். தம் வேலையைப் பற்றியே அவர் கூறினாரெனினும், என் விடைக்கு அதுவே வழிகாட்டியாயிற்று.

சித்திக்கு நான் கூறியது இதுதான். அவனைத் தடுக்கவேண்டாம். நெடுங்காலம் உயிர் காக்கவும் ஊர்ந்துசெல்லவும் மட்டுமே பயன்பட்ட நம் கைத்திறன் விளையாடக் கற்கும் காலம் இது. அதனை அச்சத்தினால் மூடிவிடல் ஆகாது. ஆயினும், போகுமுன் அவன் கேட்டறியவேண்டியவை இரண்டு உண்டு. தான் நிற்கவேண்டிய இடம் எது? அவ்விடத்துக்கும் தடத்துக்கும் இடையில் இருப்பது என்ன? இவற்றுக்குத் தெளிவான விடை கிடையாத தடத்துக்கு, எவ்வளவு புகழ்பெற்றதாயினும், அவன் போகவேண்டியதில்லை. தனக்காக மட்டுமன்றி, வேலியோரத்திற் பிள்ளையைத் தோளில் ஏற்றி நிற்பவருக்காகவும் அவன் அவ்வினாக்களைக் கேட்கவேண்டும். எஞ்சினின் உள்ளறிந்தவன் கேட்கும் கேள்வியைப் பொறுப்புள்ளோர் தட்டிக்கழித்தல் அரிது.

சித்தி உடனே மறுமொழி கூறவில்லை. பின்னர் அவனை அழைத்து, அவ்விரு வினாக்களையும் தமக்கு ஒருமுறை சொல்லிக்காட்டச் செய்தார். கார்ப் பந்தயத்தை ஒருநாளும் கண்டிராத அவர், அதன் முதன்மையான விதியை அன்று வகுத்துவிட்டார் என்றே கருதுகிறேன். வீட்டு வண்டி பந்தயத் தடத்தில் ஓடட்டும். அதனைக் காணச் சென்றவரும் அதற்காக உழைத்தவரும் மாலையில் வீடு திரும்புவதை உறுதிசெய்த பின்னரே அவ்வோட்டத்துக்குக் கொடி அசைக்கப்படல் வேண்டும்.